சுரப்பியும் உயிரும்

அரியலூர், பெரம்பலூர் வட்டாரத்துச் சுண்ணாம்புக்கல், கிரெட்டேசியக் காலத்தில் இப்பகுதியை மூடியிருந்த கடலில் படிந்தது. அதில் நிறைந்துள்ள கால்சியமே மனித இரத்தத்திலும் ஓடுகிறது என்றாலும், அங்கு அது டெசிலிட்டருக்கு ஏறத்தாழ 8.5 முதல் 10.5 மில்லிகிராம் என்னும் குறுகிய எல்லைக்குள் நின்றாக வேண்டும். அந்த எல்லையைக் காப்பவை, கழுத்தில் தைராய்டுச் சுரப்பியின் பின்னே ஒட்டியிருக்கும் பாராதைராய்டு என்னும் நான்கு சிறு சுரப்பிகள். அவற்றுள் ஒன்றில் கட்டி தோன்றி அது அளவுமீறிச் சுரக்கும்போது (இதற்கு மண்ணின் சுண்ணாம்பு காரணமன்று) எலும்பிலுள்ள கால்சியம் கரைந்து இரத்தத்தில் ஏறுகிறது. இதனால் வரும் எலும்பு முறிவும் சிறுநீரகக் கல்லும் நோயாக அறியப்படுகின்றன. உடன்வரும் அயர்ச்சியும் மறதியும் மனச்சோர்வுமோ சோம்பல் என்றும் தலைவிதி என்றும் பேசப்பட்டுவிடுகின்றன.

கால்சியம் மிகுவதால் மனம் மங்குமாயின், உடலுக்கு வேறாக உயிர் உண்டு என்பதற்கு என்ன பொருள்? உடலே உயிர் எனக் கொள்ளும் உலகாயதர் இதைத் தம் கட்சிக்குச் சான்றாகக் காட்டுவர். அரியலூர் மாவட்டத்துக்கு அண்மையிலுள்ள பெண்ணாடத்தில் பிறந்தவராகக் கொள்ளப்படும் சைவ சித்தாந்த ஆசிரியர் மெய்கண்டார், 13ஆம் நூற்றாண்டில் அருளிய சிவஞானபோதத்தின் நான்காம் சூத்திரத்தில், அந்தக்கரணங்கள், அதாவது மனம், புத்தி, அகங்காரம், சித்தம் என்னும் உட்கருவிகள், உயிர் அல்ல என்றும், தன்னோடு உடனிருக்கும் இருளாகிய ஆணவமலத்தால் மறைக்கப்பட்ட உயிர் அவற்றோடு கூடியே அறிகிறது என்றும் நிறுவுகிறார். மனமும் மாயை என்னும் மூலப்பொருளில் தோன்றிய சடப்பொருளே என்று சித்தாந்தம் கொள்வதால், மனம் மங்குவது உயிர் இல்லை என்பதைக் காட்டாது. அதே வேளையில், உடலைச் சார்ந்தே உயிர் அறிய முடிகிறது என்பதை இந்நெறி, பக்தர் பலர் எண்ணுவதைவிட அழுத்தமாக ஒப்புக்கொள்கிறது. எனவே அக்கட்டியை அகற்றும் அறுவை மேடை இவ்வழக்கைத் தீர்க்காது. ஆயினும் கருவியின் குறையை ஆளின் குணமாகக் கொள்வது சைவத்துக்கும் ஒவ்வாத பிழை என்பது தெளிவு.

1925இல் வியன்னாவில் பெலிக்ஸ் மாண்டல் பாராதைராய்டுக் கட்டியை முதன்முறையாக வெற்றிகரமாக அகற்றியபின், கழுத்தை அகலத் திறந்து நான்கு சுரப்பிகளையும் தேடிப்பார்ப்பதே நெடுங்காலம் வழக்கமாக இருந்தது. இன்று செஸ்டாமிபி என்னும் கதிரியக்க மருந்தைச் செலுத்தி எடுக்கும் ஸ்கேனும் அல்ட்ராசவுண்டும் கட்டியின் இடத்தை முன்னரே காட்டிவிட்டால், இரண்டு மூன்று சென்டிமீட்டர் கீறலே போதும். பாராதைராய்டுச் சுரப்புநீர் இரத்தத்தில் சில நிமிடங்களே நிலைப்பதால், கட்டியை எடுத்துப் பத்து நிமிடங்களில் அச்சுரப்புநீரின் அளவு பாதிக்கும் கீழே இறங்குகிறதா என்று சோதித்து, இறங்கினால் தையலிடுகின்றனர். மனத்தின் தெளிவு அவ்வளவு விரைவில் வருவதில்லை. பலருக்கு வாரங்களோ மாதங்களோ ஆகும், சிலருக்கு முழுமையாக வராமலும் போகலாம்.

நுகர்வினையை, அதாவது இப்பிறவியில் பயன்தர வந்த முன்வினையை, அனுபவித்தே கழிக்க வேண்டும் எனும்போது மருத்துவம் வினைக்குக் குறுக்கே நிற்காதா என்று கேட்போர் உண்டு. ஆனால் அதே சைவ மரபில் உடம்பைப் பேணுவதை உயிர் பேணும் நெறியாகக் கண்டவர் திருமூலர். அம்மரபில், கல்லடைப்பு மீண்டும் மீண்டும் வரும் ஒருவருக்கு இரத்தத்தில் கால்சியம் பார்க்காமல் வினை என்று விட்டுவிடுவதற்கு இடமில்லை.