அத்தையின் மாத்திரை

2021 ஆகஸ்ட் 5 அன்று எங்கள் கிருஷ்ணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ தொடங்கியது. சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் மாத்திரை வீடு தேடி வருகிறது. ஓசூரில் எங்கள் வீட்டுக்கும், படுக்கையில் கிடந்த அத்தைக்காக வந்தது. நல்ல திட்டம். கொண்டுவருபவர் ஒரு பெண். தன்னார்வலர் என்பதால் சம்பளம் இல்லை, ஊக்கத்தொகைதான். வாங்கி, வேளைக்குக் கொடுத்தவள் நான். என் கணவர் அக்கறையுள்ளவர். ஆலையிலிருந்து போன் செய்து மாத்திரையை நினைவூட்டுவார், எனக்கு.

2007ஆம் ஆண்டின் பெற்றோர் பராமரிப்புச் சட்டம் மகன், மகள், பேரன், பேத்தியைப் பொறுப்பாக்குகிறது, மருமகளைக் குறிப்பிடவில்லை. ஆனால் அத்தைக்குத் துணி மாற்றியது யார் கை? பிரியத்தோடுதான் செய்தேன். பிரியத்தோடு செய்தால் அது உழைப்பு ஆகாதா? முதியோரைப் பேணுவது அறம் என்றால், அதில் ஆண்களுக்கு விசாரிப்பு, பெண்களுக்கு வேலை என்று பங்கு பிரித்தது யார்?