பிடித்தவரிடம் மிஞ்சிய கதை

இரணைமடுக் குளக்கட்டில் நின்றால் கடல் தெரியாது. ஆனாலும் கடலில் பிடிபட்ட மனிதர்களின் கதை வன்னிக் காடுகளுக்குள்ளும் நீண்டது. 1994 செப்டெம்பரில், மன்னாருக்கு அப்பால், கடற்புலிகள் இலங்கைக் கடற்படையின் 'சாகரவர்த்தன' கப்பலை மூழ்கடித்தார்கள். கப்பலின் கட்டளை அதிகாரி அஜித் போயகொட உயிருடன் பிடிபட்டார். முதலில் யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் பிறகு வன்னியிலும் எட்டு ஆண்டுகள் சிறையிருந்து, 2002 சமாதான காலத்தில் வீடு போனார். அந்த ஆண்டுகளை அவர் சுனிலா கலப்பத்தியிடம் சொன்னார். 2016இல் அது புத்தகமாக வந்தது.

அவர் திரும்பியதால் பேசினார். பிடிபட்டுத் திரும்பாதவர்களுக்காக யார் பேசுவது?

சண்டையில் விழுபவனுக்குப் பக்கத்தில் தோழன் இருப்பான். தனித்த கைதிக்கு யாருமில்லை. கடைசி நாட்களில் அவனுக்குக் காய்ச்சல் அடித்ததா, என்ன சாப்பிட்டான், யாருடைய பெயரைச் சொல்லிக் கூப்பிட்டான், இதெல்லாம் காவலுக்கு நின்றவனுக்கு மட்டுமே தெரியும். தாய்க்குத் தெரியாத மரணம் எதிரிக்குத் தெரிந்திருக்கிறது.

கூட்டமாகப் பிடிபட்டவர்களின் கதை வேறு. 1942 மார்ச் 1இல் சுந்தா நீரிணையில் ஜப்பானியர் மூழ்கடித்த 'பேர்த்' என்ற அவுஸ்திரேலியப் போர்க்கப்பலில் தப்பிய மாலுமிகளில் நூறு பேருக்கு மேல் சிறையிலேயே இறந்தார்கள். அவர்களில் பலரைச் சயாம் ரயில்பாதை வேலை கொன்றது. கூட இருந்த கைதிகள் இறந்தவர்களின் பெயர்களை எழுதி ஒளித்து வைத்தார்கள். போர் முடிந்ததும் அந்தக் குறிப்புகளைக் கொண்டு காட்டுக்குள் புதைகுழிகளைத் தேடினார்கள். தாய்லாந்தின் காஞ்சனபுரியில் இன்று ஏறக்குறைய ஏழாயிரம் கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. அதே பாதையில் மலாயாத் தோட்டங்களிலிருந்து கொண்டுபோகப்பட்ட தமிழர்கள் பல்லாயிரமாக மாண்டார்கள். அவர்களின் பெயர்களை ஒளித்து வைக்க ஒரு துண்டுக் கடதாசிகூட இருக்கவில்லை.

சிறையில் இறந்த போர்க்கைதியைக் கண்ணியமாக அடக்கம் செய்து, குழிக்கு அடையாளமிட்டு, செய்தி அனுப்ப வேண்டும் என்று 1949ஆம் ஆண்டின் மூன்றாவது ஜெனீவா உடன்படிக்கை சொல்கிறது. நாடுகளுக்கு இடையிலான போருக்கே அந்த விதி. உள்நாட்டுப் போரில் பிடிபட்டவனுக்குச் சட்டப்படி போர்க்கைதி என்ற தகுதியே கிடையாது. எங்கள் போரில் பிடிபட்டவன் பிடித்தவனின் மனச்சாட்சியை நம்பித்தான் கிடந்தான்.

நேவிக்காரனுக்காக நாங்கள் ஏன் துக்கப்பட வேண்டும் என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். அந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. 1985இல் குமுதினிப் படகில் வெட்டுண்டவர்களையும் 1993இல் கிளாலிக் கடலேரியில் சுடப்பட்டவர்களையும் மறந்துவிட்டு எழுதும் உரிமை எனக்கு இல்லை. ஆயுதத்தோடு வந்தவனுக்கும் ஆயுதம் பறிக்கப்பட்டு எங்கள் கையில் இருந்தவனுக்கும் வித்தியாசம் உண்டு என்பதையும் நான் மறக்க முடியாது. ஒருவனைப் பிடித்த கணத்திலிருந்து அவனுடைய சோறும் தண்ணீரும் உயிரும் எங்கள் பொறுப்பு. செத்துவிட்டால் அந்தச் சாவும் எங்கள் பொறுப்பு.

1998 செப்டெம்பரில், இந்தக் குளத்துக்குப் பக்கத்துக் கிளிநொச்சியில், முகாம் விழுந்தபோது காணாமற்போன இராணுவ அதிகாரி ஒருவரின் தாய் விசாகா தர்மதாச. மகனைத் தேடிய அவர் மற்றத் தாய்மாரையும் சேர்த்துக்கொண்டு, புலிகளிடமே பேச வன்னிக்கு வந்தார். 2017 பெப்ரவரி 20இல் கிளிநொச்சி கந்தசுவாமி கோயிலடியில் எங்கள் தாய்மார் உட்கார்ந்தார்கள். போர் முடிந்தபோது வட்டுவாகலில் இராணுவத்திடம் தங்கள் கையால் ஒப்படைத்த பிள்ளைகள் எங்கே என்று இன்னும் கேட்கிறார்கள். அந்தக் கேள்விக்கு அரசு பதில் சொல்லியே ஆக வேண்டும். எங்கள் பக்கத்துப் பிழை எதுவும் அந்தக் கடனைக் குறைக்காது. அதே கேள்வியோடு மாத்தறையிலோ குருணாகலிலோ ஒரு மாலுமியின் தாய் இருந்தால், அவருக்குப் பதில் சொல்லக்கூடியவர்கள் எங்களுக்குள் இருக்கக்கூடும். தமிழ்த்தாய்க்கு உரிய உண்மை சிங்களத்தாய்க்கும் உரியது. அவர்கள் சொல்லட்டும், பிறகு நாங்கள் சொல்கிறோம் என்று காத்திருந்தால் இரண்டு தாய்மாரும் தெரியாமலே செத்துப்போவார்கள்.

காவலுக்கு நின்றவர்களில் உயிரோடு மிஞ்சியவர்களுக்கு இப்போது நாற்பதும் ஐம்பதும் வயது. சிலர் இந்தக் குளத்துத் தண்ணியில் வயல் செய்கிறார்கள், சிலர் வெளிநாட்டில் இருக்கிறார்கள். பெயரைச் சொல்லப் பயமென்றால் பெயர் வேண்டாம். செஞ்சிலுவைக்காரரிடமோ நம்பிக்கையான ஒரு பாதிரியாரிடமோ, எந்த ஆண்டு, எந்தக் காட்டு முகாம், எந்த மரத்தடியில் புதைத்தது என்று மட்டும் சொல்லுங்கள். இறந்த கைதி தன் ஊரைப் பற்றி ஏதாவது சொல்லியிருந்தால் அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.