சந்தேகத்தின் செலவு

பரீட்சை அறையில் மேற்பார்வை பார்ப்பவனுக்கு இரண்டே வழிகள்தான் உண்டு என்று எண்ணியிருந்தேன். ஒன்று விதி, மற்றது இரக்கம். கல்லூரி ஆசிரிய நண்பர்களும் இப்படித்தான் பேசுவார்கள். ஒருவர் பிட்டைக் கைப்பற்றி, விடைத்தாளைப் பறித்து, எழுத்துமூலம் விளக்கம் வாங்கித் தலைமைக் கண்காணிப்பாளரிடம் ஒப்படைத்துவிடுவார். இன்னொருவர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொள்வார். முன்னவர் பின்னவரைக் கோழை என்பார். பின்னவர் முன்னவரைப் போலீஸ்காரர் என்பார். எழுதுகிறவர்களாகிய நாம் பெரும்பாலும் ஜன்னல்காரர் கட்சி. ஆனால் இருவருமே கையும் களவுமாய்ப் பிடிபட்ட குற்றத்தைப் பற்றித்தான் பேசுகிறார்கள். அங்கே சிக்கல் குறைவு. அதற்கு முன்னால், சந்தேகத்தைத் தவிர வேறெதுவும் கையில் இல்லாத சில நிமிஷங்களில்தான் பிரச்னை. இதை என் தவறு ஒன்றின் மூலமாகவே அறிந்தேன்.

சில வருஷங்களுக்கு முன் தொலைநிலைக் கல்விப் பரீட்சைகளுக்கு ஆள் போதவில்லை என்று நண்பர் ஒருவர் கூப்பிட்டதால் இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் அறைக் கண்காணிப்பாளனாகப் போனேன். வங்கிக் குமாஸ்தா அனுமதியின்றி வேறிடத்தில் ஊதியம் பெறலாகாது என்பதால் அதற்குரிய படியை மறுத்துவிட்டேன். அந்தச் சின்னப் பரிசுத்தத்தின் கர்வமும் அன்று என்னோடு அறைக்குள் வந்திருக்க வேண்டும்.

பள்ளிக்கூடத்துக் குட்டை பெஞ்சுகளில் 24 பேர். பலரும் என்னைவிட மூத்தவர்கள். பதவி உயர்வுக்கோ சம்பள உயர்வுக்கோ ஒரு பட்டம் தேவைப்பட்டவர்கள். முதல் ஒரு மணி நேரம் ஆகியிருக்கும். மூன்றாவது வரிசையில், நாற்பது வயது மதிக்கத்தக்க ஓர் அம்மாள் மடியிலிருந்த கர்சீப்பைப் பிரிப்பதும் மடிப்பதுமாக இருந்தார். பிரித்தபின் எழுதினார். மடித்தபின் என்னைப் பார்த்தார். இவ்வளவுதான் நான் கண்டது.

பதினைந்து நிமிஷம் சும்மா இருந்தேன். பாவம், குடும்பம், இந்த வயதில் படிப்பு, போகட்டும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். அதை அப்போது இரக்கம் என்றே நம்பினேன். ஆனால் குற்றவாளி என்று முடிவு கட்டாமல் ஒருவரை மன்னிக்க முடியாது. விசாரணையின்றித் தீர்ப்பை எழுதி, தண்டனையை மட்டும் ரத்து செய்து, என் பெருந்தன்மையை நானே ரசித்துக்கொண்டிருந்தேன். அவர் எந்தத் தப்பும் செய்யாதவராக இருந்தால் என் மன்னிப்பே அவருக்கு நான் செய்த அவமரியாதை.

1943-இல் வெளியான 'இருத்தலும் இன்மையும்' நூலில் ஸார்த்தர், சாவித்துவாரத்தின் வழியே வேவு பார்ப்பவன் ஒருவனைக் காட்டுகிறார். தாழ்வாரத்தில் காலடிச் சத்தம் கேட்டதும் பார்ப்பவன் பார்க்கப்படுபவனாகிவிடுகிறான். வெட்கம் அங்கே பிறக்கிறது. எனக்கு அந்தக் காலடி, கடைசி பெஞ்சிலிருந்த ஓர் இளைஞன். நான் பார்த்துக்கொண்டிருப்பதை அவன் பார்த்துக்கொண்டிருந்தான். உடனே எழுந்தேன். உண்மையை அறியும் ஆவல் ஏதும் அப்போது என்னிடம் இல்லை. கண்டும் காணாமல் இருப்பவன் என்று அவன் கண்ணில் நான் பதிந்துவிடக் கூடாது, அவ்வளவுதான்.

"அந்தக் கர்சீப்பைக் கொஞ்சம் காட்டுங்கம்மா" என்றேன். அறையே திரும்பியது. அவர் எழுந்து நின்று பிரித்துக் காட்டினார். ஒரு சின்னத் திருநீற்றுப் பொட்டலம். வேறொன்றும் இல்லை. "பாத்துட்டீங்களா சார்?" என்றார். குரலில் கோபம் இல்லை. உட்கார்ந்து, திறந்த பேனாவோடு பத்து நிமிஷம் ஒரு வரிகூட எழுதாமல் இருந்தார். கடிகாரத்தைப் பார்த்துக் கணக்கிட்டேன். அந்தப் பத்து நிமிஷத்தை அவருக்குத் திருப்பித் தர எனக்கு அதிகாரம் கிடையாது.

இதைவிடவும் உறுத்தும் விஷயம் ஒன்று உண்டு. திருநீறுதான் என்று கண்டதும் எனக்கு நிம்மதி ஏற்படவில்லை, ஏமாற்றம் ஏற்பட்டது. அடுத்த கணமே, காகிதத்தை வேறெங்காவது ஒளித்திருக்கலாமே என்று தோன்றியது. திருநீறு குற்றமின்மைக்கு நிரூபணம் ஆகாது, வாஸ்தவம். ஆனால் ஏதாவது கிடைத்தாலும் வளர்கிற, எதுவும் கிடைக்காவிட்டாலும் வளர்கிற சந்தேகத்துக்கு அந்த அம்மாளோடு என்ன சம்பந்தம்? அது என்னிடமே பிறந்து என்னையே தின்று வளர்வது.

வங்கிக் கௌண்டரில் நான் தினமும் சந்தேகப்படுகிறேன். பணம் எடுக்கும் சீட்டிலுள்ள கையெழுத்து, திரையில் தெரியும் மாதிரிக் கையெழுத்தோடு ஒத்துப்போகாது. "கையெழுத்து மாறுதுங்க, பின்னால இன்னொரு தடவை போடுங்க" என்பேன். வந்தவர் அலுத்துக்கொண்டு போடுவார். அரை நிமிஷ வேலை. தன்னைப் போர்ஜரிக்காரன் என்று சொல்லிவிட்டதாக அவர் நினைப்பதில்லை. ஏனென்றால் அந்தக் கேள்வி யாரிடமும் கேட்கப்படுவது. சோதனைக்கும் குற்றச்சாட்டுக்கும் நடுவே வங்கி ஓர் இடைவெளியை வைத்திருக்கிறது. நான் நல்லவனாக இல்லாவிட்டாலும் அது வேலை செய்கிறது. பரீட்சை அறையில் அந்த இடைவெளி இல்லை. ஒருவரைத் தனியே எழுப்புவதே பாதித் தீர்ப்பு. சந்தேகம் என்னுடையது, செலவு அவருடையது.

நீதிமன்றம் இதையே வேறு பாஷையில் சொல்லியிருக்கிறது. 1962-இல், உத்தரப் பிரதேசத் தேர்வு வாரியம் சம்பந்தப்பட்ட வழக்கில், முறைகேடு செய்ததாக ஒரு மாணவனின் பரீட்சை முடிவை ரத்து செய்வதற்கு முன் அவன் தரப்பைக் கேட்டாக வேண்டும் என்றது உச்ச நீதிமன்றம். 1970-இல், பீகாரில் ஒரு மையத்தின் பரீட்சையே கெட்டுப்போனதாக ரத்து செய்யப்பட்ட வழக்கில், ஒவ்வொருவரையும் தனித்தனியே கேட்க வேண்டியதில்லை என்றது. முரண்பாடு போலத் தோன்றலாம். இரண்டாவதில் எந்த ஓர் ஆளையும் நோக்கி விரல் நீளவில்லை, தள்ளுபடியானது பரீட்சை. நேர்மையாக எழுதியவர்களுக்கும் நஷ்டம் நேர்ந்திருக்கும். ஆனால் நஷ்டம் வேறு, களங்கம் வேறு. விரல் ஓர் ஆளை நோக்கி நீளும்போதே நீட்டியவனுக்குக் கடமை வந்துவிடுகிறது.

அப்படியானால் பேசாமல் இருந்துவிடலாமா? மீதி 23 பேருக்கு அது துரோகம். காப்பி அடித்து வாங்கிய பட்டம், படித்து வாங்கிய பட்டத்தின் மதிப்பைத் தின்கிறது. சந்தேகப்படுவதில் தப்பில்லை, மேற்பார்வை என்பதே அதற்குத்தான். அதன் முதல் தவணையை யார் கட்டுவது என்பதே என் கேள்வி. நான் கட்டியிருக்கலாம். மணி அடிக்குமுன் எல்லோரையும் கையில், மடியில் இருப்பதையெல்லாம் வெளியே வைக்கச் சொல்லி, நின்று பார்த்திருக்கலாம்; எல்லோருக்கும் பொதுவான சோதனை எவரையும் அவமதிப்பதில்லை. நானோ ஒப்புக்கு வாயால் சொல்லிவிட்டு, மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்து ஒரு சிறுபத்திரிகையைப் புரட்டிக்கொண்டிருந்தேன். சந்தேகம் வந்ததும் அவர் பெஞ்சருகே போய்ப் பேசாமல் நின்றிருக்கலாம். பிட் இருந்தால் அது வெளியே வந்திராது. இல்லாவிட்டால் அவருக்குப் பெரிதாக நஷ்டமில்லை. வலித்திருந்தால் என் கால்தான் வலித்திருக்கும். என் சோம்பலின் விலையை அவரிடம் வசூலித்தேன்.

நம் இலக்கிய வட்டத்திலும் இதுதான் நடக்கிறது. இன்னாரின் கவிதை ஏதோ மேல்நாட்டுக் கவிதையின் தழுவல் என்று டீக்கடையில் சொல்லிவிட்டு எழுந்துபோகிறோம். எந்தக் கவிதை என்று தேடி எடுத்து இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கும் சிரமத்தை நாம் ஏற்பதில்லை. சந்தேகம் நமக்கு இலவசம்; தவணை கட்டுகிறவன் அந்த ஆள், சில சமயம் ஆயுள் முழுக்க. நானும் அப்படிச் சொல்லிவிட்டு எழுந்து போயிருக்கிறேன்.

அந்த அம்மாள் தேறினாரா, தெரியாது. விடைத்தாளை வாங்கும்போது மன்னிப்புக் கேட்டிருக்கலாம். ஆட்கள் இருக்கிறார்களே என்று தவிர்த்துவிட்டேன். அவரை எழுப்பியபோதும் ஆட்கள் இருந்தார்கள்.

அடுத்த ஞாயிறும் போனேன். மணி அடிக்குமுன் ஒவ்வொரு பெஞ்சாகப் போனேன். மூன்று மணி நேரமும் உட்காரவில்லை. அன்று யாரும் காப்பி அடிக்கவில்லை என்று சாதிக்க மாட்டேன். எவரையும் எழுப்ப வேண்டியிருக்கவில்லை.