யாருக்குப் பயன், யார் தலையில் சுமை

2012 ஜூலை 4 அன்று ஜெனீவா பக்கத்திலுள்ள செர்ன் ஆய்வுக்கூடத்தில் ஹிக்ஸ் துகளைக் கண்டுவிட்டதாக அறிவித்தார்கள். பூமிக்கடியில் 27 கிலோமீட்டர் வளையம், கோடிகோடியாகப் பணம். இதனால சோறு வருமா என்று கேட்பவர்களை விவரமில்லாத சனம் என்று அறிவுஜீவிகள் நக்கல் பண்ணுகிறார்கள். கேக்குறதுல என்ன தப்பு? வரி கட்டுனவன் கேக்கத்தான் செய்வான்.

அதற்குக் கிடைக்கும் பதில்தான் சரியில்லை. வைய விரிவு வலையே செர்னில்தான் பிறந்தது என்பார்கள். உண்மை, 1989இல் டிம் பெர்னர்ஸ்-லீ அதற்கான திட்டத்தை அங்கேதான் எழுதினார். ஆனால் அது பல நாட்டு ஆய்வாளர்கள் தகவல் பரிமாறக் கண்ட வழி. துகளுக்கும் அதுக்கும் என்ன சம்பந்தம்? ஹிக்ஸ் துகள் பிறந்த மாத்திரத்தில் சிதைந்துபோகிறது. இன்றுவரை அதனால் நடைமுறைப் பயன் எதுவுமில்லை. அதை நேராச் சொல்லிட்டுப் போகலாமே. அடிப்படைத் துகள்களுக்கு நிறை எப்படி வந்தது என்று தெரிந்துகொள்ள ஆசைப்படுவது குற்றமா? உழைக்கிறவனுக்குப் பிழைப்புக்கான அறிவு போதும், மற்றதெல்லாம் மேலே இருப்பவனுக்கு என்ற பேச்சை நாம் ஏற்க முடியாது.

சரி, பயனையே தராசாக வைப்போம். எந்தத் துகள் ஜெயிக்கும்? நியூட்ரான். 1932இல் கேம்பிரிட்ஜில் ஜேம்ஸ் சாட்விக் கண்டுபிடித்தார். மின்னூட்டம் இல்லாததால் அணுக்கரு அதை விலக்கித் தள்ளாது. வாசல்ல நிறுத்த முடியாது, உள்ளே போயிடும். அணுவிலிருந்து சக்தி எடுப்பது வெறும் கனவு என்று சாட்விக்கின் ஆசான் ரூதர்ஃபோர்டு 1933இல் சொன்னார். 1945 ஆகஸ்டில் ஹிரோஷிமா எரிந்தது. அதே நியூட்ரான்தான் உலைக்குள் கோபால்ட்டில் புகுந்து கோபால்ட்-60 ஆக்குகிறது. அதன் கதிர் புற்றுநோய்க் கட்டியை அழிக்கிறது. ரெண்டும் பயன்தான். 1932இல் சாட்விக் ரெண்டையும் தேடிப் போகவில்லை.

இதில் இன்னொரு கணக்கு இருக்கிறது. அமெரிக்க அணுகுண்டுத் திட்டத்துக்கான யுரேனியத்தில் பெரும்பகுதி, அன்று பெல்ஜியத்தின் காலனியாயிருந்த காங்கோவின் ஷின்கோலோப்வே சுரங்கத்திலிருந்து போனது. தோண்டியவர்கள் கறுப்பினத் தொழிலாளர்கள். கல்லைக் கையாலேயே பொறுக்கிப் பிரித்தார்கள். அது எங்க போகுது, எதுக்குப் போகுதுன்னு அவங்களுக்கு ஒருத்தரும் சொல்லல. சாட்விக்குக்கு 1935இலேயே நோபல் பரிசு கொடுத்துவிட்டார்கள்.