தரையைப் பார்த்துவிட்டுக் கதவைத் தொடுங்கள்



இன்று மே 1, தொழிலாளரான புனித யோசேப்பின் விழா. உலகம் தொழிலாளர் தினமாகக் கொண்டாடும் இந்த நாளை 1955-ல் திருத்தந்தை பன்னிரண்டாம் பயஸ் ஒரு தச்சருக்கென்று ஒதுக்கிக் கொடுத்தார். பல்லடத்தில் இன்று தறிச்சத்தம் இல்லை. அதனால்தான் என் குரல் கடைசி வரிசை வரைக்கும் கேட்கிறது.

நற்செய்தியில் நாசரேத்து ஊராரைக் கவனித்தீர்களா? இயேசுவின் ஞானத்தைக் கேட்டு வாயடைத்துப் போகிறார்கள். அடுத்த மூச்சிலேயே, தச்சர் மகன்தானே என்று தட்டிக்கழிக்கிறார்கள். தறி ஓட்டுகிறவன் பையன், பனியன் கம்பெனி டைலர் பொண்ணு என்று பெண் பார்க்கிற இடத்திலும் பள்ளிக்கூட வாசலிலும் நீங்கள் கேட்கிற அதே ஏளனம். அந்தத் தச்சு வேலையில் ஒன்றைப் பற்றியே இன்று பேசிவிடலாம் என்றிருக்கிறேன்.

அட்டைப்பெட்டியில் பலகை பலகையாக வந்து, வீட்டிலேயே முடுக்கிக்கொள்கிற அலமாரி உங்களில் பலர் வீட்டில் இருக்கிறது. பெரும்பாலும் தவணையில் வாங்கியது. சுவீடன் நாட்டு ஐகியா 1950-களில் மேசைக்காலைக் கழற்றித் தட்டையாகக் கட்டி விற்று இந்த வழியை உலகெங்கும் பரப்பியது. ஹைதராபாத்தில் அவர்கள் கடை திறந்தது 2018-ல். இப்போது ஆளாளுக்கு அப்படித்தான் அனுப்புகிறார்கள். முன்பெல்லாம் ஆசாரி வந்து கதவை மாட்டி, நாலு தடவை திறந்து மூடிப் பார்த்துவிட்டுத்தான் கூலியை வாங்குவார். அந்தக் கடைசி வேலை இப்போது நம் தலையில். கூடவே ஒரு சின்ன ஆலன் கீ, எழுத்தே இல்லாத படத்தாள் ஒன்று.

தாராபுரம் சாலைப் பக்கம் ஒரு லைன் வீட்டை மந்திரிக்கப் போயிருந்தேன். அலமாரியின் இரண்டு கதவில் ஒன்று தூக்கியும் ஒன்று இறங்கியும் நின்றது. மேலே விரல் நுழைகிற சந்து, கீழே கதவோடு கதவு உரசல். "வாங்குனதுலருந்து இப்படித்தானுங் சாமி, இவரும் முடுக்கிட்டேதான் இருக்காருங்" என்றார் அந்தம்மா. கணவர் முடுக்கிய முடுக்கில் ஸ்குரூவின் தலையே தேய்ந்திருந்தது.

என்னோடு வந்த பெரியவர் ஆசாரி. அவர் கதவைத் தொடவே இல்லை. ரசமட்டத்தை எடுத்துத் தரையில் வைத்தார். குமிழி ஓரத்துக்கு ஓடியது. கழுவிவிட்டால் தண்ணீர் வாசலுக்கு ஓடட்டும் என்று கொத்தனார் கொடுத்த வாட்டம்! தரைக்கு அது நல்லது. அதன்மேல் நிற்கிற பெட்டிதான் ஒரு மூலை இறங்கி முறுக்கிக்கொண்டது. மெல்லிய பிளைவுட் துண்டை முன்காலின் அடியில் தள்ளினார். பாதிக் கோணல் அப்போதே போய்விட்டது.

பிறகுதான் கதவைத் திறந்து கீலுக்கு வந்தார். ஆட்டோ ஹிஞ்ச் என்கிறோமே, கதவுக்குள் 35 மில்லிமீட்டர் வட்டக் குழியில் உட்கார்ந்திருப்பது, அதுதான். முன் ஸ்குரூ கதவை இடம் வலமாக நகர்த்தும். பின் ஸ்குரூவைத் தளர்த்தினால் உள்ளே வெளியே இழுக்கலாம். பெட்டியில் பதிந்த தகட்டைத் தளர்த்தினால் ஏற்றி இறக்கலாம். மேல் கீலில் கால் சுற்று, மூடிப் பார்ப்பது. கீழ்க் கீலில் கால் சுற்று, மறுபடி மூடிப் பார்ப்பது. ஒரு கதவை மட்டும் திருகாமல் இரண்டையும் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தினார். அந்த ஸ்குரூ இடம் கொடுப்பது எந்தப் பக்கமும் சுமார் 2 மில்லிமீட்டர்தான். அதற்குமேல் முடுக்கினால் மரத்தூளை அழுத்திச் செய்த பலகை பிடிப்பை விட்டுவிடும். அப்படி விட்டிருந்த துளை ஒன்றில் தீக்குச்சியை ஃபெவிகாலில் தோய்த்து அடைத்து, காய்ந்த பிறகு நாளைக்கு முடுக்கச் சொன்னார்.

என் மக்களே, வீட்டில் ஒருவர் கோணலாகத் தெரிந்தால் நாம் உடனே அவரைத்தான் திருகுகிறோம். பையன் படிக்கவில்லை, திருகு. மனைவி எரிந்து விழுகிறாள், திருகு. பன்னிரண்டு மணி நேர ஷிப்டு முடித்து வருகிற அப்பா, வாரக் கடன் வசூலுக்கு ஆள் வரும் நாளென்றால் காலையிலிருந்தே பதறுகிற அம்மா, சம்பள நாளில் வழியிலேயே கரைகிற பணம் என்று அந்த வீட்டின் தரை எப்படிக் கிடக்கிறது என்று யாரும் குனிந்து பார்ப்பதில்லை. அடுத்தவர் கண்ணில் துரும்பையும் தன் கண்ணில் மரக்கட்டையையும் வைத்து ஆண்டவர் பேசியபோது, பட்டறையில் கண்ணைக் கசக்கிய அனுபவம் அவருக்கு இருந்திருக்கும் என்றே நினைக்கிறேன்.

இங்கே மேற்பார்வையாளர்களும் தறி முதலாளிகளும் உட்கார்ந்திருக்கிறீர்கள். லேட்டாக வருகிறவனைத் திட்டுமுன் நீங்கள் போட்ட ஷிப்டைப் பாருங்கள்.

இன்னொன்றையும் சொல்லியாக வேண்டும். சண்டை என்று வந்து நிற்கிற பெண்ணிடம், "கொஞ்சம் அட்ஜஸ்ட் பண்ணிக்கம்மா" என்று அனுப்பிவிடுவது எங்களைப் போன்ற குருக்களுக்கு எளிது. எப்போதும் அந்த ஒரு கதவையே திருகச் சொல்கிறோம். அவளிடமும் 2 மில்லிமீட்டர்தான் இருக்கிறது. குடித்துவிட்டு அடிக்கிற வீட்டில் அட்ஜஸ்ட் என்ற பேச்சுக்கே இடமில்லை. அந்தப் பெண் 181-க்குப் போன் செய்யட்டும், என்னிடமும் வரட்டும். பொறுத்துப் போ என்று நான் சொல்ல மாட்டேன்.

நாசரேத்தில் இயேசு வல்ல செயல்கள் பலவற்றைச் செய்யவில்லை என்று மத்தேயு எழுதுகிறார். அவர்களுக்கு நம்பிக்கை இல்லாததே காரணம் என்றும் சொல்லிவிடுகிறார். கூட இருப்பவர்மேல் நம்பிக்கை போய்விட்ட வீட்டில் கடவுளே வந்தாலும் வேலை ஓடாது போலும். திருந்த மாட்டான் என்று நீங்கள் முடிவு கட்டி வைத்திருக்கிற ஆளை இன்றைக்கு இந்தப் பலிபீடத்தில் ஒப்புக்கொடுங்கள்.

திருப்பலி முடிந்ததும் நம் இளைஞர்கள் ரசமட்டமும் ஸ்குரூடிரைவரும் எடுத்துக்கொண்டு லைன் வீடுகளுக்குக் கிளம்புகிறார்கள். கதவு ஒட்டாத அலமாரி இருந்தால் வாசலில் உபதேசியாரிடம் பெயர் கொடுங்கள். வேற்று மதத்தார், ஒடிசா, பீகார் பிள்ளைகள் இருக்கிற அறைகளையும் சேர்த்துச் சொல்லுங்கள். கூலி கிடையாது, ஒரு டீ போதும்.