தனியே இருக்கையில் சரி

செங்கல்பட்டு பஸ் நிலையத்துக்குப் பின்னால் கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை வைத்திருக்கும் நண்பர், சென்ற வருஷம் ஒரு பழைய ஸர்வரை எடைக்கு வாங்கி வந்தார். ஏதோ ஓர் அலுவலகம் கழித்துக் கட்டியது. மூடியைத் திறந்தால் பலகையில் பக்கம் பக்கமாக இரண்டு பென்டியம் மூன்று ப்ராஸஸர்கள். ஆனால் இயந்திரத்தை ஓடவிட்டு எத்தனை என்று கேட்டால் 'ஒன்று' என்றே சொல்லிற்று. அதில் இருந்தது லினக்ஸ். மூலப்பிரதியை யாரும் படிக்கலாம், திருத்தலாம். துவக்கும் வரியைப் பார்த்தோம். பழைய சொந்தக்காரர் அதன் கடைசியில் ஒரே ஒரு சொல்லைச் சேர்த்து வைத்திருந்தார்: 'நோஎஸ்எம்பி'. இரண்டாவதை எழுப்பாதே என்று அர்த்தம்.

எதற்காக என்று அப்போது புரியவில்லை. சொல்லை அழித்தோம். இந்த வகை இயந்திரங்களில் முதலில் ஒரு ப்ராஸஸர்தான் விழிக்கிறது. இன்டெல் 1994ல் வகுத்த ஒரு முறைப்படி நினைவகத்தில் எழுதி வைக்கப்பட்டிருக்கும் பட்டியலைத் தேடி, தனக்கொரு துணை இருப்பதை அது தெரிந்துகொள்கிறது. பிறகு சைகை அனுப்பி அதை எழுப்புகிறது. இரண்டும் எழுந்தன. மூன்று மணி நேரம் ஓடி, உறைந்து நின்றது. மறுபடி துவக்கினால் இருபது நிமிஷத்தில் உறைந்தது. அடுத்த முறை ஒரு பகலும் இரவும் ஓடியது. இந்த ஒழுங்கின்மைதான் என்னைப் பிடித்துக்கொண்டது. பல ஞாயிற்றுக்கிழமைகள் அதில் போயின. ஒரு பழைய பெட்டிக்கு இவ்வளவா என்று வீட்டில் கேட்டார்கள். 2004ல் தரமணியில் கணித அறிவியல் நிறுவனம் இப்படி இரட்டை ப்ராஸஸர் கொண்ட 144 இயந்திரங்களை லினக்ஸில் இணைத்து 'கப்ரு' என்று பெயரிட்டு, உலகின் முதல் ஐந்நூறு கம்ப்யூட்டர்களின் வரிசையில் இடம் பிடித்தது என்றேன். வீட்டில் அது எடுபடவில்லை.

தவறு கடைசியில் அகப்பட்டது. பல டெர்மினல்களை இணைக்கும் ஓர் அட்டைக்கான பழைய டிரைவர். பொதுவான ஒரு பட்டியலைத் தொடுவதற்கு முன் அது தன் ப்ராஸஸருக்கு வரும் குறுக்கீடுகளை மட்டும் அடைத்துக்கொள்கிறது. ஒரே ப்ராஸஸர் உள்ள இடத்தில் அது போதும். கதவைச் சாத்தினால் வீட்டில் வேறு ஆளில்லை. இரண்டாவது விழித்ததும், சாத்திய கதவுக்கு உள்ளேயே இன்னொருவன் நிற்கிறான்.

வங்கிக்காரனுக்கு இதை விளக்க வேண்டாம். கணக்கில் 5,000 ரூபாய் இருப்பு. ஒருவர் 1,000 வரவு வைக்கிறார், இன்னொருவர் 500 பற்று எழுதுகிறார். இருவருமே 5,000ஐப் பார்த்துவிட்டுத் தொடங்கினால் ஒருவர் 6,000 என்று எழுதுவார், மற்றவர் 4,500 என்று எழுதுவார். எது பின்னால் விழுகிறதோ அது நிற்கும். சரியான 5,500 எங்கேயும் இராது. பேரேட்டுக் காலத்தில் இது நேராததற்குக் குமாஸ்தாக்களின் யோக்கியதை காரணமில்லை. ஒரு பேரேடு ஒரே சமயத்தில் இரண்டு மேசைகளில் இருக்க முடியாது, அவ்வளவுதான். கனத்த அட்டை போட்ட அந்தப் புத்தகமேதான் பூட்டாக இருந்தது.

"எழுதினவன் மேல என்ன தப்பு சார்? அவன் காலத்துல ரெண்டாவது ஆளே கிடையாதே" என்றார் நண்பர். அவர் கட்சி, அந்த டிரைவர் அப்போது சரி, இப்போதுதான் தப்பாகிவிட்டது என்பது. நான் அது முதல் நாளிலிருந்தே தப்பு, தப்பு வெளிப்பட ஒரு சாட்சி இல்லாமல் இருந்தது என்றேன். டீ ஆறிப்போகும் வரை பேசினோம். இது டிரைவரைப் பற்றிய தர்க்கம் மட்டுமல்ல என்று பஸ்ஸில் திரும்புகையில் தோன்றியது.

லினக்ஸ் இந்தக் கேள்வியை எப்படிச் சமாளித்தது என்பது சுவாரஸ்யமானது. ஆலன் காக்ஸ் இந்த வேலையைத் தொடங்கியபோது இரட்டைப் பென்டியம் பலகை ஒன்றைக் கால்டெரா நிறுவனம் நன்கொடையாகக் கொடுத்தது. 1996ல் வந்த 2.0 பதிப்பில் பல ப்ராஸஸர்கள் வேலை செய்தன. கெர்னல் என்னும் உட்கூடம் முழுவதற்கும் ஒரே பெரிய பூட்டு. வெளியே யாரும் எந்த வேலையும் செய்துகொள்ளலாம்; உள்ளே ஒருவன் போனால் மற்றவன் வாசலில் நிற்க வேண்டும். ஆக, உள்ளே போனவன் தன் பழைய பிரமையை விட வேண்டியதில்லை. உலகில் நான் ஒருவனே என்று அவன் தொடர்ந்து நம்பலாம். (வாசலில் நிற்பவன் சும்மா நிற்பதும் இல்லை. திறந்தாயிற்றா, திறந்தாயிற்றா என்று கேட்டபடி அதே இடத்தில் சுழன்றுகொண்டிருக்கிறான். அதுவும் மின்சாரம் தின்னும் உழைப்புதான்.)

இந்தப் பூட்டை முழுவதுமாக எடுக்க 2011 ஆயிற்று, 2.6.39 பதிப்பு. கடைசிக் கட்ட வேலையைச் செய்தவர் ஆர்ண்ட் பெர்க்மன். பதினைந்து வருஷம் ஏன்? வேகம் வேண்டும் என்பதில் யாருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. அந்தப் பூட்டு எதைக் காக்கிறது என்பது எங்கேயும் எழுதப்படவில்லை என்பதே சிக்கல். எல்லாவற்றுக்குமாகப் போட்ட பூட்டு. எதெதற்கு என்று குறிப்பிடாமல் போட்டது. பூட்டியவன் தூங்கப் போனால் அது தானாகவே திறந்துகொள்ளும், விழித்தால் தானாகப் பூட்டிக்கொள்ளும் என்ற விசித்திர குணமும் அதற்கு இருந்தது. ஒவ்வொரு மூலையாகப் போய் இங்கே உண்மையில் பொதுவானது எது, யார் யார் தொடுகிறார்கள் என்று கேட்டுப் பூட்டைச் சிறிது சிறிதாக்க வேண்டியிருந்தது. சிறிய பூட்டுகளுக்கும் ஆபத்து உண்டு. ஆளுக்கொரு சாவியைப் பிடித்துக்கொண்டு மற்றவன் சாவிக்காக இருவரும் முடிவில்லாமல் காத்திருக்கலாம். டைக்ஸ்ட்ரா 1965லேயே இந்தப் பிரதேசத்தில் நடமாடியவர். 2025ல் வந்த 6.17 பதிப்பில், வேலைகளைப் பங்கிடும் பகுதி ஒற்றை ப்ராஸஸருக்கென்று வைத்திருந்த தனி ஏற்பாட்டையே கைவிட்டுவிட்டது. இருப்பது ஒருவன்தான் என்றாலும் பலர் இருப்பதாகவே எழுதப்படுகிறது.

இந்தக் கடைசி விஷயம் என்னைத் தொந்தரவு செய்கிறது. நம் வட்டத்தில் தனிமைக்கு ஒரு புனிதம் உண்டு. தனிமனிதப் பிரக்ஞை, சமரசமற்ற தனிக்குரல் என்றெல்லாம் நானே எழுதியிருக்கிறேன். தனியாக இருப்பவன் நேர்மையாக இருக்கிறான் என்பது நாம் நிரூபிக்காமலே ஏற்றுக்கொண்ட ஒன்று. அவன் நேர்மையாக இருக்கலாம்; ஆனால் அது எப்படித் தெரியும்? என் மேஜை டிராயரில் கிடக்கும் கட்டுரைகள் எல்லாம் சரியானவை. அங்கே குறுக்கீடுகளை நான் அடைத்துவிட்டேன். கூட்டத்தின் பக்கம் உண்மை இருக்கிறது என்று நான் சொல்ல வரவில்லை. அந்தப் பிரசாரத்தை வேறு பத்திரிகைகள் செய்துகொள்ளட்டும். நான் சொல்வது கூட்டத்தை அல்ல, நான் தொடும் அதே பொருளை, நான் தொடும் அதே கணத்தில் தொடும் இன்னொரு கையை. அது வரும்வரை என் ஒழுக்கம் ஓர் ஊகம் மட்டுமே.

திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் பஸ்ஸில்தான் நான் தினமும் வேலைக்குப் போகிறேன். அந்தப் பெரிய புடைப்புச் சிற்பம், அர்ச்சுனன் தபசு என்பாரும் பகீரதன் தவம் என்பாரும் இன்னும் தகராறு செய்வது, பார்த்துப் பார்த்துக் கண்ணில் படாமலே போய்விட்ட ஒன்று. அன்று இறங்கிப் பார்த்தேன். தவம் என்றால் தனிமை. ஆனால் ஒற்றைக் காலில் நிற்கும் அந்த மனிதனைச் சுற்றி இருப்பதுபோல் நெரிசல் வேறெங்கும் இல்லை: தேவர்கள், நாகர்கள், வேடர்கள், யானைகள். பெரிய யானையின் அருகே ஒரு பூனையும் கையைத் தூக்கித் தவம் செய்கிறது, சுற்றிலும் எலிகள். பூனையின் தவம் உண்மையா என்று எலிகள் இல்லாமல் யாரும் கேட்கவே முடியாது. செதுக்கியவர்களும் பலராகத்தான் இருந்திருக்க வேண்டும். கருங்கல்லில் ஒருவன் உளி அரை அங்குலம் தாண்டினால் அடுத்தவனின் உருவம் போயிற்று. போனதை ஒட்டவைக்க வழியில்லை. உருவங்களுக்கு நடுவே கோடு கிழித்த எல்லை ஏதும் எனக்குத் தெரியவில்லை.

இனி, இவ்வளவும் எழுதக் காரணமான விஷயம். எங்கள் கிளையில் பணப்பெட்டி அறைக்கு இரண்டு சாவிகள். ஒன்று அதிகாரியிடம், ஒன்று ரொக்கப் பொறுப்பிலிருக்கும் குமாஸ்தாவிடம். இரண்டும் சேர்ந்தால்தான் திறக்கும். பெரிய பூட்டு ஒருவனைத் தனியனாக்குகிறது என்றால், இது யாரையும் தனியனாக விடாத பூட்டு. சில மாதங்களுக்கு முன், சாயங்காலம், அம்மாவுக்கு மூச்சு வாங்குகிறது என்று போன் வந்தது. ரொக்கம் இன்னும் உள்ளே போகவில்லை. என் சாவியை அதிகாரியிடம் கொடுத்துவிட்டு ஆறு மணி பஸ்ஸைப் பிடித்தேன். அவர் யோக்கியர், என்னை விடவும் என்று சொல்வேன். அம்மாவுக்கும் இரவே சரியாகிவிட்டது. எதுவும் நடக்கவில்லை.

எதுவும் நடக்கவில்லை என்பதையே நான் வெகு காலம் பதிலாக வைத்திருந்தேன். அந்த டிரைவரும் அதைத்தான் சொல்லியிருக்கும். இரண்டு சாவியும் ஒரே கையில் இருந்த அந்த ஓர் இரவில் அவர் என்ன செய்தார் என்பதற்கு அவரே சாட்சி. அந்த இக்கட்டில் அவரை நிறுத்தியது நான். நான் அவரை நம்பினேன் என்று சொல்லிக்கொள்வது எவ்வளவு சௌகரியமாக இருக்கிறது!

டிரைவரில் நாங்கள் சேர்த்தது நான்கு வரிகள். பட்டியலைத் தொடுமுன் ஒரு சின்னப் பூட்டு, தொட்ட பின் விடுதலை. இப்போது இரண்டும் ஓடுகின்றன. அன்றைய சாவி விஷயத்தை அதிகாரியிடம் இதுவரை நான் பேசவில்லை. மறுநாள் காலை பத்து மணிக்கு முன் அவர் ஒன்றும் சொல்லாமல் சாவியை என் கையில் வைத்தார். இருவரும் திறந்தோம். எண்ணினேன், சரியாக இருந்தது. அவர் பார்த்துக்கொண்டு நிற்கையிலேயே இன்னொரு முறை எண்ணினேன்.