வினையின்றி விளைவை விரும்புதல்

தேசிய நெடுஞ்சாலை களியக்காவிளையில் தமிழ்நாட்டுக்குள் நுழையும் முன் கேரளத்தில் கடக்கும் கடைசி ஊர்களில் ஒன்றான பாறசாலையிலும், அதைச் சூழ்ந்த நெய்யாற்றின்கரை வட்டாரக் கிராமங்களிலும், ஒருவருக்குப் புற்றுநோய் என்று தெரியவந்ததும் அந்த வீட்டில் அடுத்து எழும் சொல் பெரும்பாலும் ‘ஆர்.சி.சி.’ என்பதாகவே இருக்கும். திருவனந்தபுரம் மருத்துவக் கல்லூரி வளாகத்தில் 1981இல் நிறுவப்பட்ட மண்டலப் புற்றுநோய் மையத்தையே அந்த மூன்றெழுத்து குறிக்கிறது. எல்லைக்கு அப்பாலுள்ள குமரி மாவட்டத்து நோயாளிகள் பலரும் அங்கே செல்கிறார்கள். 1956இல் மொழிவழி மாநிலங்கள் பிரிக்கப்பட்டபோது விளவங்கோடு தமிழ்நாட்டுக்கும் நெய்யாற்றின்கரை கேரளத்துக்கும் போயின என்றாலும், இந்த மக்களின் பேச்சும் உறவும் அந்தக் கோட்டோடு நின்றுவிடவில்லை. விளையாட்டிலும் இதே நிலைதான். சந்தோஷ் டிராபி எனப்படும் மாநிலங்களுக்கிடையிலான கால்பந்துப் போட்டிக்கு ஆட்டக்காரர்கள் பலரைத் தந்த பொழியூர்க் கடற்கரை இந்த வட்டாரத்தில் இருப்பதால், இங்கே கால்பந்து வெறும் தொலைக்காட்சிக் காட்சியாக இருந்ததில்லை. ஐ.பி.எல். கிரிக்கெட்டில் கேரளத்துக்கென இருந்த கொச்சி அணி 2011 என்ற ஒரே சீசனோடு மறைந்துவிட்டதால், கோடைக்காலத்தில் சென்னை அணியின் மஞ்சள் நிறத்தை இங்கும் காண முடிகிறது.

நோயும் விளையாட்டும் ஒரே உடலில், அதே சில மாதங்களில் சந்திக்கும்போது சமயம் சார்ந்த ஒரு கேள்வி பிறக்கிறது. உயிரின் எல்லை கண்ணுக்குத் தெரியத் தொடங்கிய ஒருவர், எங்கோ பதினோரு பேர் ஆடும் ஆட்டத்தின் முடிவின்மேல் மனத்தை வைப்பது தகுமா? ஜெபத்துக்கும் நாமத்துக்கும் உரிய நேரத்தைப் புள்ளிப் பட்டியலுக்குக் கொடுப்பதாக வீட்டுப் பெரியவர்கள் வருந்தினால் அந்த வருத்தத்துக்கு என்ன மறுமொழி சொல்வது? எளிதாகத் தள்ளிவிடக் கூடிய வருத்தமல்ல அது.

இந்த வருத்தத்துக்கு ஐரோப்பியச் சிந்தனையில் கூர்மையான வடிவம் தந்தவர் 17ஆம் நூற்றாண்டின் பிரெஞ்சுக் கணித அறிஞரும் கிறிஸ்தவச் சிந்தனையாளருமான பிலேஸ் பாஸ்கல் ஆவார். மனிதன் தன் நிலையை நேருக்கு நேர் பார்க்க அஞ்சி, பந்தின் பின்னும் வேட்டையின் பின்னும் ஓடுகிறான் என்றும், மகனை இழந்த தந்தைகூட ஒரு விலங்கைத் துரத்தும் நேரத்தில் துயரை மறந்திருக்கிறான் என்றும் அவர் கண்டார். மனத்தை அதன் உண்மையான கவலையிலிருந்து விலக்கி வேறொன்றில் செலுத்தும் இந்தப் பழக்கத்தை அவர் மனிதத் துன்பத்துக்கு மருந்தாகவும், அந்தத் துன்பத்திலேயே பெரியதாகவும் கருதினார். நோயை நன்கு பயன்படுத்தும் வரம் வேண்டி இறைவனிடம் செய்யும் நீண்ட வேண்டுதல் ஒன்றை எழுதியவரும் அவரே என்பதால், நோயறியாதவரின் உபதேசம் என்று அவர் சொல்லை ஒதுக்க இயலாது.

ஆயினும் பாஸ்கல் வருணித்த மனிதர் நலமாக இருப்பவர். தம் முடிவை மறக்க அவரால் முடிகிறது. கீமோ எனப்படும் மருந்துச் சிகிச்சையில் இருப்பவருக்கு அந்த மறதி வாய்ப்பதில்லை. பல மருந்துத் திட்டங்களில் 21 நாளுக்கு ஒரு முறை மருந்து ஏற்றப்படுகிறது. ஏற்றிய பின் ஏழாம் நாளிலிருந்து பதினான்காம் நாள் வரையிலான காலத்தில் வெள்ளையணுக்களின் எண்ணிக்கை, அதாவது நோயாளிகள் ‘கவுண்ட்’ என்று சொல்வது, மிகத் தாழ்ந்து, பின் மெல்ல ஏறுகிறது. ஏறினால்தான் அடுத்த ஊசி. ரேடியேஷன் எனப்படும் கதிர்ச் சிகிச்சையோ வாரத்தில் ஐந்து நாள், பல வாரங்கள் தொடர்கிறது. வாந்தியைத் தடுக்கவும் ஒவ்வாமையைத் தவிர்க்கவும் கொடுக்கப்படும் ஸ்டீராய்டு மருந்து உறக்கத்தைக் கெடுக்கிறது. ஐரோப்பியக் கால்பந்து ஆட்டங்கள் பல இந்திய நேரப்படி நள்ளிரவுக்குப் பின் நடப்பவை என்பதால், வீடு முழுவதும் உறங்க, உறங்க முடியாத ஒருவர் மட்டும் ஒலியைக் குறைத்துக்கொண்டு ஆட்டம் பார்ப்பது பெரும்பாலும் இந்த இரவுகளில்தான் நிகழ்கிறது. அவர் தம் நோயை மறக்கவில்லை. நாவின் உலோகச் சுவையும் விரல் நுனியின் மரமரப்பும் அதை மறக்க விடுவதில்லை. எனவே பாஸ்கலின் குற்றச்சாட்டு அவரிடம் ஒட்டவில்லை. அவர் வேறு ஏதோ செய்கிறார் என்றே கொள்ள வேண்டும்.

அது என்னவென்று அறியப் பகவத்கீதையின் நன்கறியப்பட்ட போதனை ஒன்றைத் தலைகீழாக்கிப் பார்ப்பது உதவும். செயலில் மட்டுமே மனிதனுக்கு உரிமை உண்டு, அதன் பலனில் இல்லை என்று இரண்டாம் அத்தியாயம் கற்பிக்கிறது. வினை தன்னுடையது, விளைவு தன் கையில் இல்லை என்ற தெளிவோடு செயல்படுபவரே கர்மயோகி. ரசிகரின் நிலை இதற்கு நேர் எதிரானது. ஆட்டத்தில் அவருக்கு எந்த வினையும் இல்லை. பந்து அவர் காலில் படுவதில்லை. ஆனால் பலனை அவர் முழு மனத்தோடு விரும்புகிறார். வியப்பு என்னவென்றால், நோயாளியின் நிலையும் ஏறக்குறைய இதுவே. மருந்தை ஏற்றுபவர் செவிலியர், அளவைத் தீர்மானிப்பவர் மருத்துவர், மருந்துக்குக் கட்டுப்படுவதா இல்லையா என்று முடிவாவது உயிரணுக்களின் இயல்பில்; நோயாளி நேரத்துக்குப் போய்க் கையை நீட்டுகிறார், பின் காத்திருக்கிறார். செயலிழந்து பலனை மட்டும் எதிர்நோக்கி வாழ்வது எப்படி என்பதற்குக் கீதையின் இந்தப் போதனை நேரடியாக வழி சொல்லவில்லை, ஏனெனில் அது வில்லேந்திய, உடல் வலிமையுள்ள ஒருவனுக்குச் சொல்லப்பட்டது.

முண்டக உபநிடதத்தில் ஒரே மரத்தில் அமர்ந்த இரண்டு பறவைகளைப் பற்றிய உருவகம் உண்டு: ஒன்று கனியைத் தின்கிறது, மற்றது தின்னாமல் பார்த்துக்கொண்டிருக்கிறது. தின்பது வினைப்பயனை நுகரும் உயிர் என்றும், பார்ப்பது எதனாலும் தீண்டப்படாத சாட்சி என்றும் உரையாசிரியர்கள் விளக்குவர். ரசிகர் இவ்விரண்டிலும் அடங்காதவர்; அவர் தின்னாத பறவை, ஆனால் மற்றப் பறவை தின்னும் கனியின் புளிப்பும் இனிப்பும் அவர் நாவில் ஊறுகின்றன. மெய்யியலாளர் இதை அறியாமை என்று கூறக்கூடும். ஆனால் தனக்கு நேராத ஒன்றைத் தனக்கு நேர்ந்ததாக உணரும் இதே ஆற்றலைத்தான் பிற இடங்களில் இரக்கம் என்றும் அன்பு என்றும் சமயங்கள் போற்றுகின்றன.

இந்தக் கட்டுரையின் கருத்து இங்கேதான் நிலைகொள்கிறது. சிகிச்சைக்காலம் ஒருவரின் பேச்சு முழுவதையும் அவருடைய உடலுக்குள் சுருக்கிவிடுகிறது: கவுண்ட் எவ்வளவு, ஸ்கேன் என்று, ரிவ்யூ என்று, சாப்பிட்டது நின்றதா. நலம் விசாரிக்க வரும் அன்பர்களும் அதையே கேட்கிறார்கள். யான், எனது என்னும் செருக்கை உயிரின் முதன்மையான கட்டாகச் சைவ மரபு கருதுகிறது. நோயோ, செருக்கே இல்லாதவரையும் தம்மைப் பற்றியே எண்ணும்படி கட்டிவைக்கிறது. அந்தக் கட்டுக்குள் இருப்பவர் தமக்கு எந்த ஆதாயமும் இல்லாத ஓர் அணியின் வெற்றியை விரும்பும்போது, அந்த விருப்பமும் பற்றுதான் என்றாலும், தன்னை நோக்கித் திரும்பாத பற்று அது. பாறசாலை வட்டாரம் லண்டன் மிஷன் ஊழியர்கள் 19ஆம் நூற்றாண்டில் பணியாற்றிய பகுதி. இன்று தென்னிந்தியத் திருச்சபையாகத் தொடரும் அந்த மரபில், பிறருக்காக இறைவனிடம் வேண்டுவதை மன்றாட்டு என்கிறார்கள். மன்றாடுபவருக்கும் அந்த விளைவில் கையில்லை, அதனால் அவருக்குக் கிடைப்பதும் ஒன்றுமில்லை. ஆயினும் அவர் விரும்புகிறார். ரசிகரின் விருப்பம் மன்றாட்டு ஆகிவிடாது, ஆனால் மனத்தின் அதே தசை அங்கும் உழைக்கிறது.

இதில் ஆபத்து இல்லாமல் இல்லை. வெள்ளைப் பூவையும் சிவப்புப் பூவையும் தனித்தனிப் பொட்டலமாகக் கட்டி, சன்னிதியில் வைத்து எடுத்துப் பார்க்கும் பூக்கட்டுதல் தென் தமிழகத்திலும் இந்த எல்லையூர்களிலும் அறிந்த ஒன்று. இன்றைய ஆட்டத்தில் அணி வென்றால் நாளைய ஸ்கேன் நன்றாக வரும் என்று நோயாளி மனத்துக்குள் முடிச்சுப் போடும் கணத்தில் ஆட்டமும் பூப்பொட்டலமாகிவிடுகிறது. தன்னை நோக்கித் திரும்பாதிருந்த ஒரே விருப்பமும் தன்னிடமே திரும்பிவிடுகிறது. ஒரு பெனால்டி தவறினால் ஒரு மனிதரின் இரவு முழுவதும் அச்சத்தில் கழிகிறது. இந்த முடிச்சை அவிழ்ப்பதில் குடும்பத்தார் உதவலாம். அதற்காக அவரைப் பழிப்பது கொடுமை.

ஆட்டத்தின் சொற்களை நோய்க்குக் கடன் கொடுப்பது இன்னொரு தவறு. அமெரிக்க எழுத்தாளர் சூசன் சொண்டாக் 1978இல் நோயைப் போராகவும் சாபமாகவும் உருவகிப்பதன் தீங்கை ஒரு நூலாகவே எழுதினார். 2011 கிரிக்கெட் உலகக் கோப்பையில் 362 ரன்களும் 15 விக்கெட்டுகளும் எடுத்துத் தொடரின் சிறந்த வீரரான யுவராஜ் சிங்குக்கு நெஞ்சின் நடுப்பகுதியில் புற்றுக்கட்டி கண்டறியப்பட்டு, 2012இன் தொடக்கத்தில் அமெரிக்காவில் கீமோ அளிக்கப்பட்டது. அவர் புற்றுநோயை ‘வென்றார்’ என்று நாடே சொன்னது. அவருக்கு வந்த வகைக் கட்டி, அவருக்கு ஆலோசனை தந்த மருத்துவர் லாரன்ஸ் ஐன்ஹார்ன் 1970களில் உருவாக்கிய மருந்துக் கூட்டுக்கு நன்கு கட்டுப்படும் இனம் என்பதை அந்தச் சொல் மறைத்துவிட்டது. கட்டுப்படாத இனம் வாய்த்தவரை அது தோற்றவராக்குகிறது. 2012 செப்டம்பர் 11 அன்று சேப்பாக்கத்தில் யுவராஜ் திரும்ப வந்து ஆடிய ஆட்டத்தில் இந்தியா ஒரு ரன்னில் தோற்றது. அந்தத் தோல்வி அவருடைய நலத்தில் எதையும் குறைக்கவில்லை. பவுல் அப்போஸ்தலர் தம் வாழ்வை ஓட்டத்துக்கு ஒப்பிட்டபோதும், தீமோத்தேயுவுக்கான இரண்டாம் நிருபத்தில் முன்வைத்தது ஓடி முடித்ததையே. யாரையும் முந்தியதை அங்கே அவர் பேசவில்லை.

ஆட்டப் பருவத்தையும் நோயையும் ஒருங்கே வாழ்ந்தவர்களில் உலகறிந்தவர் பிரேசில் கால்பந்து வீரர் பெலே. 2021 செப்டம்பரில் பெருங்குடல் கட்டி அகற்றப்பட்டுச் சிகிச்சையில் இருந்த அவர், கத்தாரில் உலகக் கோப்பை நடந்துகொண்டிருந்த 2022 நவம்பர் இறுதியில் சாவ் பாவ்லோ மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். டிசம்பர் 5 அன்று தென் கொரியாவுக்கு எதிரான ஆட்டத்தை மருத்துவமனையிலிருந்தே பார்க்கப்போவதாக அறிவித்தார். பிரேசில் 4-1 என வென்றது. டிசம்பர் 9 அன்று குரோஷியாவிடம் பெனால்டியில் பிரேசில் தோற்று வெளியேறியது. நெய்மர் அன்று அடித்த கோலால் பிரேசிலுக்காகப் பெலே அடித்த 77 கோல்களின் சாதனை சமன் செய்யப்பட்டது, அதற்காக அவர் நெய்மரை வாழ்த்தினார். தம் அணி இல்லாத போட்டி அதன்பின் இன்னும் ஒன்பது நாள் நீண்டது. டிசம்பர் 18 அன்று இறுதி ஆட்டம் முடிந்ததும் வென்ற அர்ஜென்டினாவின் மெஸ்ஸியையும், தோற்ற பிரான்ஸின் எம்பாப்பேயையும், அரையிறுதி வரை வந்த மொராக்கோவையும் அவர் பெயர் சொல்லிப் பாராட்டினார். டிசம்பர் 29 அன்று அவர் உயிர் பிரிந்தது. உலகக் கோப்பைக்காக நிறுத்தப்பட்டிருந்த இங்கிலாந்தின் பிரீமியர் லீக் ஆட்டங்கள் அதற்கு மூன்று நாள் முன்பே மீண்டும் தொடங்கியிருந்தன.